நாளை வீட்டுக்குப் போகும் அணி

கண்டக்டர் அந்த மருத்துவமனைக்குப் போனது தூங்குவதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், உள்ளே போன பிறகு அவர் எதற்காக வந்தார் என்பதைப் பற்றி அங்கே பல கருத்துகள் முளைத்து, கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தூக்கமில்லாத மனிதன் எத்தனை நாள்தான் ஓடுகிற பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பான்? ஒருநாள் காலை நெரிசலில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா? முகம் வாடிக் கிடக்கே," என்று கேட்டுவிட்டாள். மகராசி நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனால் கண்டக்டர் அந்த இடத்திலேயே உடைந்துபோய் அழ ஆரம்பித்தார். அழுகை நிற்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். பயணிகள் முதலில் உச்சுக்கொட்டினார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு டிப்போவுக்குப் போன் போட்டார்கள்.

"மனசு களைச்சுப் போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல," என்றார் மனநலப் பிரிவின் சின்ன டாக்டர். மீசை சரியாக முளைக்காத, நல்ல பையன். "ஒரு வாரம் இங்க இருங்க. நல்லா தூங்கி எந்திரிச்சுப் போங்க."

கண்டக்டர் தூங்கினார். அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். பிறகு பசித்தது. பிறகு ரொட்டி காய்ந்திருக்கிறது என்று சமையல்காரரிடம் சண்டை போடத் தோன்றியது. ஒருநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, அம்மா தன்னைத் திட்டும் விதம் நினைவுக்கு வந்தது. அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது. சரி, தேறிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. பார்க்க வந்த மனைவியும், "முகம் பழையபடி ஆயிடுச்சு," என்றாள்.

ஆகவே பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிவரும் நாளன்று, தலையை வாரி, பையைக் கட்டிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெரிய டாக்டர் என்பவர் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். அவர் நடந்து வந்தால் டாக்டர்களும் நர்ஸுகளுமாகப் பின்னால் ஒரு வால் வரும். வாலின் முனையில் சின்ன டாக்டர். அன்று பெரிய டாக்டர் எந்தக் கட்டில் அருகேயும் நிற்காமல் வார்டின் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல செய்தி. நம்ம மருத்துவமனையில நோயாளிகள் ரொம்ப நாள் தங்கறாங்கன்னு மேலிடத்துல வருத்தப்படறாங்க. எனக்கும் வருத்தந்தான். பொறுப்புக்கு வந்த நாள்லேர்ந்து தவறாம வருத்தப்பட்டுக்கிட்டிருக்கேன். ஆனா வெறும் வருத்தம் விஞ்ஞானம் ஆகாது. ஏன் தங்கறாங்க? எது அவங்களைத் தங்க வைக்குது? அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வு தொடங்கியிருக்கோம். அது முடியற வரைக்கும் யாரையும் வீட்டுக்கு அனுப்பறதா இல்ல."

வால் கைதட்டியது.

கண்டக்டர் கையைத் தூக்கினார். "சார், எனக்கு ஒரு வாரம்னு சொன்னாங்க. அது முடிஞ்சு நாளாச்சு."

"தாராளமா போகலாம். ஆனா பாருங்க, நீங்க பாதியில போயிட்டா, எவ்வளவு நாள் தங்கினீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னிக்குப் போனா, இன்னிவரைக்கும் தங்கினேன்னு தெரிஞ்சுடுமே சார்."

பெரிய டாக்டரின் முகத்தில் மெய்யான பரிவு படர்ந்தது. சின்ன டாக்டர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "வாதம் பண்றார். குறிச்சுக்குங்க."

அடுத்த கட்டிலில் இருந்தவரை எல்லாரும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவராம். இப்போது தலை பஞ்சாய் வெளுத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வால் நகர்ந்ததும் அவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"ஏங்க, வாதமெல்லாம் பண்ணக் கூடாதுங்க. நானும் மொதல்ல பண்ணேன். வாதம் பண்றான்னு கொஞ்ச காலம் வச்சிருந்தாங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். பேச்சே இல்லைன்னு அதுக்குக் கொஞ்ச காலம். அப்புறம் அளவா பேசக் கத்துக்கிட்டேன்."

"அளவா பேசினப்போ விட்டாங்களா?"

"விட்டாங்க. 'போகலாம்ப்பா, வீடு எங்க?'ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள அண்ணன் வீட்டை வித்துட்டுப் போயிட்டான். 'வீடு இல்லாதவனை எங்க அனுப்பறது?'ன்னு சொல்லி, மறுபடி படுக்கச் சொல்லிட்டாங்க. மெத்தை மட்டும் மாத்திக் கொடுத்தாங்க." மாப்பிள்ளை குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, குடை இல்லை என்கிற மாதிரிதான் சொன்னார். "இங்க நோய் முக்கியமில்லீங்க. வெளியில ஒரு வீடும், வாசல்ல நின்னு கத்தறதுக்கு ஒரு ஆளும் இருக்கணும். உங்களுக்கு இருக்கில்ல?"

"இருக்கு," என்றார் கண்டக்டர். சொன்னதும் ஏனோ கட்டிலின் மேலிருந்த பையைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

அது ஏன் என்று அடுத்த பார்வையாளர் நாளில் தெரிந்தது. மனைவி பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வந்திருக்காருங்க."

"மச்சானா? எதுக்கு?"

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நீங்க வரலேன்னா, எங்களைத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேங்கறார். பாப்பாவை அங்க இருக்கற பள்ளிக்கூடத்துலயே சேர்த்துடலாமாம். ஆம்பளை இல்லாம வீடு எதுக்கு, காலி பண்ணிடலாங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"வந்துடுவார்னு சொன்னேன். எப்போன்னு கேட்டார்." அவள் விரலை அவிழ்த்தாள். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

கண்டக்டர் மாப்பிள்ளையின் வெள்ளைத் தலையை நினைத்துக்கொண்டார். தங்கினால் வீடு போகும். வீடு போனால் தங்க வேண்டும். பேருந்து தடம் மாதிரி வட்டமாகச் சுற்றி வந்து தொடங்கிய நிறுத்தத்திலேயே இறக்கிவிடுகிற ஏற்பாடு. இதில் ஏறத்தான் வழி, இறங்க வழியில்லை. "வந்துடறேன்," என்று சொன்னார். குரல் அவருடையது போலவே இல்லை.

ஆய்வு மும்முரமாக நடந்தது. சின்ன டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

"நீங்க ஏன் இங்க தங்கியிருக்கீங்கன்னு நினைக்கறீங்க?"

"நீங்க விட மாட்டேங்கறீங்க."

"அது வெளிக் காரணம். உள் காரணம் சொல்லுங்க."

"உள்ளே வச்சுப் பூட்டியிருக்கீங்க."

சின்ன டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, சிரிப்பைத் துடைத்துக்கொண்டு, "பொறுப்பைப் பிறர் மேல போடறார்" என்று முணுமுணுத்தபடி எழுதினார். "தப்பா நினைக்காதீங்க சார். எனக்கே நீங்க நல்லா இருக்கீங்கன்னுதான் தோணுது. ஆனா தோணறதை எழுதறதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்ல."

அதற்கடுத்த வாரம் அணி பிரித்தார்கள். பெரிய டாக்டரே வந்து விளக்கினார்.

"நம்பிக்கை இருந்தா நோயாளி சீக்கிரம் போறாரா? இது பெரிய கேள்வி. உலகத்துல யாரும் இதைச் சரியா சோதிக்கல. நாம சோதிக்கப் போறோம். உங்கள்ல பாதிப் பேர் 'நாளை' அணி. அவங்களுக்கு தினமும் சாயங்காலம் 'நாளைக்கு வீட்டுக்குப் போறீங்க'ன்னு சொல்லுவோம். மீதிப் பேர் 'என்றும்' அணி. அவங்ககிட்ட 'நீங்க போகவே போறதில்ல'ன்னு சொல்லுவோம்."

"இதுல எந்த அணி நிஜமா போகும் சார்?" என்று கேட்டார் கண்டக்டர். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டுமே போகாது. ஒரு அணி போயிட்டா, இன்னொண்ணை எதோட ஒப்பிடறது?"

கண்டக்டர் 'நாளை' அணி. மாப்பிள்ளை 'என்றும்' அணி.

சொல்லும் வேலை தலைமை நர்ஸுடையது. பாவம், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத பெண்மணி. சாயங்கால மாத்திரை கொடுத்து முடித்ததும் கட்டில் கட்டிலாக வந்து, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்வார்: "கண்டக்டர், நாளைக்கு வீடு. பையைக் கட்டிக்குங்க." கண்டக்டர் கட்டுவார். கட்ட வேண்டும் என்பது விதி. காலையில் தேநீரோடு வந்து, "பையைப் பிரிச்சுடுங்க," என்பார். கண்டக்டர் பிரிப்பார்.

பொய் என்று தெரியும். தெரிந்தே கேட்கிற பொய்க்கு மனம் மசியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் உடம்பு தனிக் கட்சி. சாயங்காலமானால் உள்ளே ஒரு விளக்கு எரியும். பாப்பாவுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யோசனை ஓடும். காலையில் தேநீர்க் கோப்பைச் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு படபடக்கும். மருத்துவமனைக்கு வரும்போது அவருக்கு இந்தப் படபடப்பு இருந்ததில்லை. சின்ன டாக்டர் நாடியைப் பார்த்து, "புது அறிகுறி," என்று கவலையோடு தலையாட்டினார்.

மாப்பிள்ளைக்கோ அந்த அணி அமிர்தமாக இருந்தது. நர்ஸ் வந்து, "நீங்க போகவே போறதில்ல," என்று சொன்னதும், "சரிங்க சிஸ்டர், நீங்களும் போய்த் தூங்குங்க," என்று புரண்டு படுப்பார். அடுத்த நிமிடம் குறட்டை.

ஒரு சாயங்காலம் நர்ஸுக்குத் தலைவலி. மாத்திரை கொடுத்துவிட்டு, கண்டக்டரின் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டார். கண்டக்டர் காத்திருந்தார். கதவு மூடப்போகிற நேரத்தில் அவர் வாய் தானாகத் திறந்தது.

"சிஸ்டர், எனக்கு இன்னும் சொல்லலையே."

"அடடா, மறந்துட்டேன். நாளைக்கு வீடு, கண்டக்டர்."

"நன்றி சிஸ்டர்."

நன்றி சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த மருத்துவமனை தன்னைப் பைத்தியம் என்று எழுதிக்கொள்வது பற்றி அதுவரை அவருக்குக் கோபம் இருந்தது. அன்றிலிருந்து பயம் வந்தது. எழுதுவதை மெய்யாக்கும் வேலையும் இங்கேயே நடக்கிறது என்று புரிந்தது.

விலகிவிடுவது என்று முடிவு செய்தார். ஆய்வில் சேர்வது அவரவர் விருப்பம் என்று சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். அதையே ஆதாரமாகக் காட்டிப் பெரிய டாக்டரின் அறையில் போய் நின்றார்.

"நான் இதுல இல்ல சார். விலகிக்கறேன்."

"முழுக்க முழுக்க உங்க உரிமை," என்றார் பெரிய டாக்டர். எழுந்து நின்றே சொன்னார். உரிமைகளைப் பற்றிப் பேசும்போது அவர் உட்கார்வதில்லை. "யாரையும் கட்டாயப்படுத்தறது இந்த மருத்துவமனையோட மரபுல இல்ல. ஆனா விலகற முடிவைத் தெளிந்த மனசோட எடுக்கணும். உங்க மனசு தெளிஞ்சுடுச்சுன்னு யார் சொல்லணும்?"

"நீங்கதான் சார்."

"எப்போ சொல்லுவேன்?"

கண்டக்டருக்கு விடை தெரிந்திருந்தது.

"வீட்டுக்கு அனுப்பும்போது," என்று பெரிய டாக்டரே எடுத்துக்கொடுத்தார். "வீட்டுக்கு எப்போ அனுப்புவேன்? ஆய்வு முடிஞ்ச பிறகு. ஆய்வு முடிஞ்ச பிறகு நீங்க தாராளமா ஆய்விலிருந்து விலகிக்கலாம். நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

அந்த வாரமே மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். குடும்பத்தாரைப் பேட்டி காண்பதும் ஆய்வில் ஓர் அங்கம். மச்சான் வார்டுக்குள் வந்து, மூக்கைச் சுளித்து, "என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க?" என்றார்.

இரண்டு தலைகள் திரும்பின. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மச்சான் ஒரு நொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டக்டர் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பேட்டி வார்டு மேஜையிலேயே நடந்தது. பெரிய டாக்டர் குழைவாகப் பேசினார். "குடும்பம் ஆவலா இருந்தா நோயாளி சீக்கிரம் போயிடறார்னு ஒரு கருத்து இருக்குங்க. அதைச் சோதிச்சாகணும். உங்க குடும்பத்தை ஆவல் இல்லாத குடும்பமா வச்சுக்கலாம்னு பாக்கறோம். கொஞ்ச நாளைக்கு அப்படி இருக்க முடியுமா?"

"எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லீங்க," என்றார் மச்சான்.

"உங்க தங்கச்சி?"

"அவ அழுதுக்கிட்டே இருக்கா. அவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா சரியாயிடும். சனிக்கிழமை சாமான் ஏத்த வண்டி சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது."

"மச்சான்," என்றார் கண்டக்டர். கெஞ்சக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பேசாமலும் இருக்கக் கூடாது. எந்தக் குரலில் பேசுவது என்று தேடித் தேடி, கடைசியில் பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் குரல்தான் கிடைத்தது. "வீட்டை மட்டும் விட்டுடாதீங்க மச்சான். வீடு இல்லேன்னா இவங்க என்னை விட மாட்டாங்க."

"வீடு எங்க போகுது? ஆள் நல்லானதும் வேற வீடு பாத்துக்கலாம். மொதல்ல உடம்பைப் பாருங்க," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார் மச்சான். கெட்டவர் இல்லை. உலகத்தில் பாதித் தீங்கு இப்படித் தோளைத் தட்டித்தான் நடக்கிறது.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. அன்றைக்கே ஆய்வு முடிவு வெளியிடும் விழாவும் வைத்திருந்தார்கள். மேலிடத்து இயக்குநர் வருகிறார் என்று வார்டுக்கு வெள்ளையடித்து, நோயாளிகளுக்குப் புதுச் சட்டை கொடுத்து, கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே கண்டக்டருக்கு இடம் கிடைத்தது. இந்நேரம் வண்டி வாசலுக்கு வந்திருக்கும். இந்நேரம் பாத்திரங்களைக் கட்டியிருப்பார்கள். இந்நேரம் கட்டிலைக் கழற்றியிருப்பார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவர் மனக்கண்ணில் வீட்டிலிருந்து ஒரு சாமான் வெளியேறிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெருமதிப்புக்குரிய இயக்குநர் அவர்களே. நோயாளிகள் ஏன் நீண்ட நாள் தங்குகிறார்கள்? வயதா காரணம்? இல்லை. வயதானவர்களும் தங்குகிறார்கள், இளைஞர்களும் தங்குகிறார்கள். நோயின் கடுமையா? இல்லை. கடுமையாக இருந்தவர்களும் தங்கினார்கள், குணமானவர்களும் தங்கினார்கள். நம்பிக்கையா? 'நாளை' அணியும் 'என்றும்' அணியும் ஒரு நாள் பிசகாமல் ஒரே அளவு தங்கியிருக்கின்றன. ஆக, எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாக விலக்கிய பின் எஞ்சி நிற்பது ஒன்றுதான். நோயாளிகள் நீண்ட நாள் தங்குவதற்கு முதன்மைக் காரணம், அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படாமையே."

கூடம் அதிர்ந்தது. இயக்குநர் நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று கைதட்டினார்.

"இது முதற்கட்ட முடிவுதான்," என்று பெரிய டாக்டர் கையமர்த்தினார். "அவர்கள் ஏன் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை என்பது இன்னும் புதிராகவே இருக்கிறது. அதை அறிய, இதே நோயாளிகளை வைத்து இரண்டாவது ஆய்வு தொடங்க அனுமதி கோருகிறேன்."

கண்டக்டருக்குக் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் மாப்பிள்ளை, "டீ எப்போ கொடுப்பாங்க?" என்று கேட்டது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது.

விழா முடிந்து இயக்குநர் வார்டைப் பார்வையிட வந்தார். பார்த்தபடியே பெரிய டாக்டரின் காதோரம் குனிந்தார். கண்டக்டரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார். நோயாளிக்குக் காது கேட்கும் என்பதை இயக்குநர் பதவியில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

"என் சம்சாரத்தோட தம்பிங்க. ஆபீஸ்ல ஏதோ விசாரணை வைக்கப் போறாங்களாம். அது முடியற வரைக்கும் மனசு சரியில்லாம இருந்தா தேவலை. ஜன்னலோரமா ஒரு கட்டில் கிடைக்குமா?"

"எல்லாம் நிரம்பியிருக்குங்களே. ஆய்வு நடக்குது பாருங்க..."

"இன்னிக்குச் சாயங்காலமே வந்தா நல்லது."

பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலோரக் கட்டிலில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

இது எந்த ஆய்வு என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. நல்லா இருக்கேன் என்றால் நோயை மறைக்கிறார். நல்லா இல்லை என்றால் நோய். வாயைத் திறந்து மூடினார்.

"பாத்தாலே தெரியுதே," என்று பெரிய டாக்டர் வாலை நோக்கி முழங்கினார். "எவ்வளவு தெளிவா இருக்கார். இவரை ஏன்யா இன்னும் இங்க வச்சிருக்கீங்க? குணமான மனுஷனைக் குடும்பத்திலேர்ந்து பிரிச்சு வைக்கறது பாவம் இல்லையா? உடனே அனுப்புங்க."

சின்ன டாக்டர் மெல்ல முன்னால் வந்தார். "சார், ஆய்வு பாதியில..."

"மனிதாபிமானத்துக்குப் பிறகுதான் ஆய்வு."

கண்டக்டர் பையை எடுக்கும் முன்பே ஆள் வந்து படுக்கை விரிப்பை உருவினான். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வரேங்க," என்றார் கண்டக்டர். சொன்னதுமே திடுக்கிட்டு, "போறேங்க," என்று திருத்திக்கொண்டார்.

"போங்க, போங்க. திரும்பிப் பாக்காம போங்க," என்றார் மாப்பிள்ளை. "யாராவது கூப்பிட்டா, அது நீங்க இல்லேன்னு நினைச்சுக்குங்க."

கேட்டைத் தாண்டும்வரை அவர் ஓடவில்லை. ஓடினால் எழுதிக்கொள்வார்கள். தெரு முனை திரும்பியதும் ஓடினார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. கட்டில், அலமாரி, பாப்பாவின் படிப்பு மேஜை எல்லாம் ஏறிவிட்டன. மச்சான் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி வெறும் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"நல்லாயிடுச்சுன்னு சொன்னாங்களா?"

"ஜன்னல் வேணும்னு சொன்னாங்க," என்றார் கண்டக்டர். அவளுக்குப் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"ஏறின சாமானை இறக்கறதுக்கு ஆளுங்ககிட்ட நான் பேசல," என்று இழுத்தார் மச்சான்.

அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறி, அண்ணன் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, படிப்பு மேஜையைத் தானே இழுத்தாள். கண்டக்டர் கீழே நின்று தாங்கினார். திங்கட்கிழமை பாப்பா பழைய பள்ளிக்கூடத்துக்கே போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

கண்டக்டர் வேலைக்குத் திரும்பி, பயணிகளிடம் வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொள்ளத் தொடங்கி, வீடு தன் பழைய இரைச்சலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாலையில் கதவு தட்டப்பட்டது. சின்ன டாக்டர் நின்றுகொண்டிருந்தார். சங்கோஜமாகச் சிரித்தார்.

"பயப்படாதீங்க சார். இரண்டாவது ஆய்வு. பெரிய டாக்டர் தலைப்பைக் கொஞ்சம் மாத்திட்டார். வெளியில போன நோயாளிகள் வீட்ல எவ்வளவு நாள் தங்கறாங்க, எதனால தங்கறாங்கன்னு பாக்கறோம். வெளியில போனவர் நீங்க ஒருத்தர்தான். அதனால நீங்க ரொம்ப முக்கியம்."

மனைவி நாற்காலி போட்டாள். பாப்பா தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் கட்டில் விளிம்பில் அமர்ந்தார். சின்ன டாக்டர் முதலில் மனைவியைக் கேட்டார்.

"காரணம் இல்லாம சிரிக்கிறாரா?"

"பொண்ணு பாக்க வந்த நாள்லேர்ந்து. அதுக்காகத்தான் இவரைக் கட்டிக்கவே சம்மதிச்சேன்."

"கோபப்படறாரா?"

"படறதில்ல. அதுதான் கவலையா இருக்கு. நீங்க வேணா கொஞ்சம் திரும்பக் கொடுத்துடுங்க."

சின்ன டாக்டர் சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து, எழுதினார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். பையன் நல்ல பையன்தான். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"நீங்க சொல்லுங்க சார். இங்க எவ்வளவு நாள் இருக்கறதா உத்தேசம்?"

கேள்வியின் அபத்தம் மனைவிக்கு உறைத்து அவள் வாயைத் திறப்பதற்குள், கண்டக்டர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியிருந்தன.

"நீங்க சொல்ற வரைக்கும் சார்," என்றார்.

சின்ன டாக்டரின் பேனா ஒரு கணம் தயங்கியது. பிறகு, "நல்ல ஒத்துழைப்பு," என்று அது எழுதத் தொடங்கியது.

பாப்பா தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் நிக்கற? உக்காரு. நம்ம வீடுதானே."

கண்டக்டர் கட்டிலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, உட்காரலாமா என்று சின்ன டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.